நாலு கிலோவுக்கு மாறியவளுக்கு

ராஜபாளையம்,
ஐப்பசி, மழை விட்ட ஒரு மாலை.

அன்புள்ள மருமகளுக்கு,

போன வாரம் நீ போனில் பேசியபோது பின்னால் உன் அம்மாவின் குரல் கேட்டது. "மாமன்கிட்டயே கேளு. அண்ணன் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றாள். நீ கேட்டாய்: "மாமா, மூணு கிலோல நாப்பத்தெட்டு மீட்டர் போட்டேன். நாலு கிலோ எடுத்து ஆறு மாசம் ஆச்சு, நாப்பத்தொண்ணத் தாண்டல. நான் கீழ போய்க்கிட்டிருக்கேனா? பிளஸ் டூ முடிச்சதும் விட்டுறவா?"

போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதினால் நீ திரும்பத் திரும்பப் படிக்கலாம். உன் அம்மாவும் படிப்பாள். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. உனக்கு இயற்பியல் பிடிக்கும் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஹேமரில் குண்டு சுற்றும்போது கம்பி உன் கையை வெளியே இழுக்கிறது அல்லவா? அந்த இழுப்பு எவ்வளவு என்று உன் பாடப் புத்தகத்திலேயே சூத்திரம் இருக்கிறது. நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வட்டத்தின் ஆரத்தால் வகுக்க வேண்டும். குண்டு எவ்வளவு தூரம் போய் விழும் என்பதும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததுதான். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டு, ஆரம் ஒன்றே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார். மூன்று கிலோ குண்டை 48 மீட்டர் எறிந்தபோது, கை விடும் நொடியில் உன்னை ஏறத்தாழ 82 கிலோ இழுத்திருக்கிறது. நான்கு கிலோ குண்டை 41 மீட்டர் எறியும்போது ஏறத்தாழ 94 கிலோ.

தூரம் ஏழு மீட்டர் குறைந்தது. நீ தாங்கிய இழுப்போ 12 கிலோ கூடியிருக்கிறது. டேப் இதைக் காட்டாது. அதனால்தான் உனக்குக் கீழே போவதுபோல் தெரிகிறது. நீ போய்க்கொண்டிருப்பது மேலே. பதினெட்டு வயதுக்குக் கீழான பிரிவில் பெண்களுக்கு மூன்று கிலோ, அதற்கு மேல் ஜூனியர், சீனியர் இரண்டிலும் பெண்களுக்கு நான்கு கிலோ. அந்த ஒரு கிலோ ஏறும் இடத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் பி.டி. வாத்தியாராக இருந்த காலமெல்லாம் இதைப் பார்த்தேன். அவர்கள் யாருக்கும் இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும்.

இதே கணக்கைப் பெரியவர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கனடாவின் கேம்ரின் ராஜர்ஸ் எறிந்தது 76.97 மீட்டர். அவரை இழுத்தது சுமார் 176 கிலோ. ஒற்றைப் பிடியில், ஏழடி வட்டத்துக்குள், சுழன்றுகொண்டே அதைத் தாங்கியிருக்கிறார். அடுத்த ஆண்டு டோக்கியோ உலகப் போட்டியில் 80.51 எறிந்தார். எத்தனை மீட்டர் கூடுகிறதோ அதே விகிதத்தில் இழுப்பும் கூடும். இந்த ஆட்டத்தில் முன்னேறுவது என்றால், இன்னும் பலமாக இழுக்கப்படச் சம்மதிப்பது. இதைத் தெரிந்துகொண்டு நீ முடிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் பத்திரிகைகள் இதைச் 'சங்கிலிக் குண்டு எறிதல்' என்று எழுதும். மைதானத்தில் 'ஹேமர்' என்போம். பார்த்தால் அதில் சங்கிலியும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஒரு இரும்புக் குண்டு, ஒரு எஃகுக் கம்பி, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒரு காலத்தில் நிஜமான சம்மட்டியை வீசி விளையாடினார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் மூன்று ஒலிம்பிக் தங்கங்களையும், 1900, 1904, 1908, வாங்கிய ஜான் ஃபிளானகன் அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் போலீஸ்காரராக இருந்தவர். ஆனால் எனக்கு இந்த ஆட்டம் எந்நாளும் அந்நியமாகப் பட்டதில்லை. வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளி ஆலோலம் பாடிக்கொண்டு கவண் சுற்றுவதைச் சின்ன வயதில் கோயில் கொடையில் விடிய விடியப் பார்த்தவன் நான். கவணும் இதுவும் ஒரே வித்தை. கயிற்றின் முனையில் ஒரு கனம், அதைச் சுற்றி வேகமேற்றிச் சரியான நொடியில் விடுவது. தினைப்புனத்தில் நின்று அதைச் செய்தவள் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றைக்கும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கனம்?" என்று உன் அம்மாவிடம் கேட்கும் பக்கத்து வீட்டாருக்கு இதைச் சொல்லலாம்.

இனி உன் எறிதல். நீ அனுப்பிய வீடியோவை நாலைந்து முறை பார்த்தேன். நாலு கிலோ வந்ததும் நீ கையை மடக்க ஆரம்பித்திருக்கிறாய். குண்டு கனமாக இருக்கிறது என்று பயந்து அதைக் கையால் இழுக்கிறாய். ஆடிப்பூரத் தேருக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், நினைவிருக்கிறதா? கொஞ்சம் வளர்ந்ததும் நீயே வடம் பிடித்தாய். ஆண்டாள் தேர் வடத்தைக் கை பலத்தால் இழுப்பவன் ரத வீதியின் முதல் முக்குக்குள் ஓய்ந்துபோவான். பழகியவனுக்குக் கை வெறும் கொக்கி. அவன் உடம்பைச் சாய்த்துக் காலால் தரையைத் தள்ளுவான். இங்கேயும் கை கம்பியின் நீட்சி, அவ்வளவே. மடக்கினால் ஆரம் குறையும், ஆரம் குறைந்தால் அதே சுழற்சியில் குண்டின் வேகம் குறையும். 94 கிலோ உன்னை முன்னால் இழுக்கும்போது, நீ நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் உட்கார வேண்டும். இடது குதிகாலில் திரும்பி, பாதத்தின் முன்பகுதிக்கு உருண்டு, வலது காலைச் சீக்கிரம் தரைக்குக் கொண்டுவா. இரண்டு காலும் தரையில் இருக்கும்போதுதான் குண்டுக்கு வேகம் ஏற்ற முடியும். வலது கால் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் நீ வெறும் பயணி.

இன்னொன்று. நீ முதல் சுற்றிலேயே அவசரப்படுகிறாய். யூரி செதிக் என்ற பெயரைத் தேடி வீடியோ பார். 1976-லும் 1980-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 1986 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டுட்கார்ட்டில் அவர் எறிந்த 86.74 மீட்டரை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை. மற்றவர்கள் நாலு சுற்றுச் சுற்றும்போது அவர் மூன்றே சுற்றில் அதை எறிந்தார். முதல் சுற்றைப் பார்த்தால் ஏதோ தெருவில் நடந்துபோகிறவர் திரும்புவதுபோல் இருக்கும். வேகம் முழுவதும் கடைசியில் வரும். அவருடைய பயிற்சியாளர் அனதோலி பொந்தார்ச்சுக், 1972-ல் தானே தங்கம் வாங்கியவர்.

செதிக்கின் அந்தச் சாதனைச் செய்தி வந்தபோது எனக்கு 21 வயது. அப்பா மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடியும் சங்கு ஊதும்போது நான் எழுந்து மைதானத்துக்குப் போவேன். வெளிச்சம் வந்ததும் எறிவேன். யாரும் சொல்லித்தர ஆள் இல்லை. எனக்கு எல்லாம் அந்த வருஷமே வேண்டும். 7.26 கிலோ குண்டைக் கையால், முதுகால், கோபத்தால் இழுத்து எறிந்தேன். ஒரு வருஷத்தில் ஐந்து மீட்டர் கூடியது. அடுத்த வருஷம் இடுப்பில் ஒரு வலி வந்தது. அதைக் கட்டிக்கொண்டே இரண்டு மீட்டில் எறிந்தேன். 24 வயதில் என் எறிதல் முடிந்தது. இந்த ஆட்டத்தில் ஒருவர் நன்றாக எறிய ஆரம்பிக்கும் வயது அதற்குப் பிறகுதான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஜப்பானின் கோஜி முரோஃபுஷி 36 வயதில் 2011 உலகப் போட்டித் தங்கம் வாங்கினார், 81.24 மீட்டர். போலந்தின் அனிதா வ்வோடார்ச்சிக் பாரிஸ் இறுதிச் சுற்றில் எறிந்தது தன் 39-ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு. உனக்கு 17. இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. இந்த ஆறு மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

அந்த முரோஃபுஷி குடும்பத்தைப் பற்றி நீ படிக்க வேண்டும். அப்பா ஷிகெநோபு 1970 முதல் 1986 வரை ஐந்து ஆசிய விளையாட்டிலும் தொடர்ந்து தங்கம் வாங்கியவர். 1984-ல் அவர் எறிந்த 75.96 மீட்டர் ஜப்பானின் சாதனையாக நின்றது. அதை 1998-ல் உடைத்தவர் அவர் மகனே. கோஜி தன் எதிராளிகளைவிட உடம்பில் இலகுவானவர், 100 கிலோகூட இல்லை. எறிதலின் இயக்கத்தையே பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். ஆசியாக்காரன் உடம்புக்கு இது வராது என்று உன்னிடம் யாராவது சொன்னால், அவர்களிடம் வாதாடாதே. இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போ.

நம் நாட்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1988 அக்டோபரில் தூர்தர்ஷனில் மகாபாரதம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். இந்தி யாருக்கும் புரியாது. கதை எல்லாருக்கும் தெரியும். உன் அம்மாவுக்குப் பீமனைத்தான் பிடிக்கும். அந்தப் பீமன் யார் தெரியுமா? பிரவீன் குமார் சோப்தி. பஞ்சாபில் பிறந்து எல்லைப் பாதுகாப்புப் படையில் வேலை பார்த்தவர். 1966-ல் கிங்ஸ்டன் காமன்வெல்த் போட்டியில் ஹேமரில் வெள்ளி வாங்கினார். அதே ஆண்டு பாங்காக் ஆசியப் போட்டியில் ஹேமரில் வெண்கலம், வட்டு எறிதலில் தங்கம். 1970-ல் மறுபடி வட்டில் தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஹேமர் எறிந்தார், 60.84 மீட்டர், 20-ஆம் இடம். அன்று தங்கம் வாங்கிய ஹங்கேரிக்காரர் எறிந்தது 73.36.

அந்தத் திண்ணையில் இருந்த யாருக்கும் அவர் ஒலிம்பிக்கில் எறிந்தவர் என்று தெரியாது. எனக்கே ஒரு பழைய கோச் சொல்லித்தான் தெரிந்தது. கதாயுதம் சுழற்றும்போது அவருடைய இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று அதற்குப் பிறகுதான் கவனித்தேன். வயதான காலத்தில் விளையாட்டு வீரர்களுக்கான ஓய்வூதியம் கேட்டு அவர் அரசிடம் முறையிட வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் இறந்தபோது செய்திகள் 'மகாபாரத பீமன் மறைவு' என்றன. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நாடு பார்க்காத ஆட்டம் இது. நூறு மீட்டர் ஓட்டம் நடக்கும்போது மைதானமே எழுந்து நிற்கும். ஹேமர் பெரும்பாலும் காலையில், காலி கேலரிக்கு முன்னால், சில சமயம் மெயின் மைதானத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் நடக்கும். கைதட்டலுக்காக இதில் இறங்காதே. குண்டு கை விட்டுப் போகும்போது ஒரு நல்ல எறிதலில் ஒரு கனமும் தெரியாது. போனில் நீயே சொன்னாய், "அது தானாப் போச்சு மாமா" என்று. அந்த நொடி உனக்குப் போதுமா என்று உன்னையே கேட்டுக்கொள். எனக்குப் போதுமாக இருந்தது. இன்னும் கனவில் வருகிறது.

இந்தியப் பெண்கள் இன்று நிற்கும் இடத்தையும் தெரிந்துகொள். 2014 இஞ்சான் ஆசியப் போட்டியில் ராஜஸ்தானின் மஞ்சு பாலா 60.47 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். 2017-ல் சரிதா சிங் 65.25 எறிந்தார். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி 74 மீட்டர். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் ஹேமரில் இந்தியர் ஒருவரும் இல்லை, ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. எனவே 41-ல் நிற்கும் நீ ஒலிம்பிக் என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பதை நான் தடுக்கவில்லை. அதற்குக் கீழே 45 என்று எழுது. அது முடிந்ததும் அடித்துவிட்டு 50 எழுது. 55-க்கு மேல் போனால் தேசியப் போட்டிகளில் உன் பெயரைக் கவனிப்பார்கள். 60-ஐத் தொட்டால் ஆசியாவைப் பற்றிப் பேசலாம். நடுவில் ஒரு வருஷம் ஒரு மீட்டர்கூடக் கூடாமல் போகும். அந்த வருஷம் எல்லாருக்கும் வரும்.

பெண்கள் ஹேமர் ஒலிம்பிக்குக்கு வந்ததே 2000-ல், சிட்னியில். ஆண்கள் எறிய ஆரம்பித்து நூறு வருஷம் கழித்து. அந்த முதல் தங்கத்தை வாங்கியவளுக்கு உன் வயது, 17. போலந்தின் கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா, 71.16 மீட்டர். 2009-ல் போர்ச்சுகலில் பயிற்சி முகாமில் இருந்தபோது 26 வயதில் இறந்துபோனாள். நுரையீரலில் ரத்தக்கட்டி. அவளுடைய கையுறையைப் போட்டுக்கொண்டுதான் அனிதா வ்வோடார்ச்சிக் எறிந்தார். லண்டன், ரியோ, டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக் தங்கமும், 82.98 மீட்டர் உலக சாதனையும் அவருடையவை. பாரிஸில் வெண்கலத்துக்கு நாலு சென்டிமீட்டர் குறைந்து நாலாவது வந்தார். உன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

அனிதாவின் லண்டன் தங்கம் அன்று அவர் கழுத்துக்கு வரவில்லை. அன்று மேடையில் அவர் வெள்ளிக்காரர். தங்கம் வாங்கிய ரஷ்யாவின் தத்தியானா லிசென்கோ ஊக்கமருந்தில் சிக்கியது பல வருஷம் கழித்து. 2004 ஏதென்ஸில் முரோஃபுஷிக்கும் அதுவே நடந்தது. மேலே நின்ற ஹங்கேரிக்காரர் அட்ரியான் அன்னுஷ் பறிகொடுத்த தங்கம் அவருக்கு வந்தது. செதிக் எறிந்த காலத்தில் சோதனைகள் இன்றைப் போல் இருந்ததில்லை. அந்தப் பழைய எண்களை நான் வியக்கிறேன், ஆனால் உன் சுவரில் ஒட்டச் சொல்ல மாட்டேன். எறிதல் விளையாட்டுகளில் இந்த நோய் ஆழமாகப் பாய்ந்திருக்கிறது, நம் நாட்டிலும்தான். உன்னிடமும் வருவார்கள். மருந்து என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். "பவுடர்", "ரிக்கவரிக்கு", "எல்லாரும் போடுறதுதான்" என்று அன்பாகப் பேசும் யாரோ ஒரு அக்காவோ அண்ணனோ ஒரு டப்பாவை நீட்டுவார்கள். ஜிம்மில் விற்கும் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. சோதனையில் வந்தால் தெரியாமல் சாப்பிட்டேன் என்பது செல்லாது. உன் உடம்பில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு. நாலு வருஷம் வரை தடை வரும். அதைவிட, உன் உடம்பு. உன்னால் 45 மீட்டர்தான் முடியும் என்றால் 45 மீட்டர் எறிகிறவளாக இரு. இதில் மட்டும் மாமா கெஞ்சவில்லை, கட்டளை இடுகிறேன். வீட்டில் முட்டை இருக்கிறது, நிலக்கடலை இருக்கிறது, மீன் இருக்கிறது, பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் பாலுக்கா பஞ்சம்? காய்ச்சல் என்று மாத்திரை வாங்கினாலும் விளையாட்டுக்காரி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்கு.

காகிதங்களையும் நீயே பார்த்துக்கொள். வயதுச் சான்றிதழ், பதிவு எண், சோதனை விவரம் எல்லாம் உன் ஃபைலில் இருக்கட்டும். அமெரிக்காவில் வளர்ந்த அன்னெட் எச்சிகுன்வோக்கே டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நைஜீரியா அணியில் தேர்வாகி, அங்கே போய் இறங்கியும் எறிய முடியவில்லை. போட்டிக்கு முன் எடுக்க வேண்டிய ஊக்கமருந்துச் சோதனைகளை முறையாக எடுத்து முடிக்கவில்லை என்று பத்து நைஜீரிய வீரர்களைத் தடுத்துவிட்டார்கள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் அமெரிக்காவுக்காக எறிந்து வெள்ளி வாங்கினார், 75.48 மீட்டர். அந்த மூன்று வருஷம் அவர் காலையில் எப்படி எழுந்து பயிற்சிக்குப் போயிருப்பார் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இனி நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. ஒரு மைதானத்தில், பெயர் வேண்டாம், கூண்டு இல்லாமல் எறிந்துகொண்டிருந்தோம். என் ஹேமரின் கைப்பிடி தேய்ந்து போயிருந்தது. ஒரு லேத் பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் அது விட்டுக்கொண்டது. குண்டு இடப்பக்கம் பறந்து ஒரு மர பெஞ்சில் விழுந்து அதை இரண்டாக்கியது. ஒரு நிமிஷம் முன்புவரை அதில் ஒரு பையன் நோட்டில் எண்ணெழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெஞ்ச் நினைவு இன்னும் வருகிறது. தப்பு முழுக்க என்னுடையது. கைப்பிடியைப் பார்த்திருக்க வேண்டும், கூண்டில்லாமல் எறிய மாட்டேன் என்றிருக்க வேண்டும். 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில ஜூனியர் போட்டியில், ஈட்டியை எடுத்துவரப் போன ஒரு பள்ளி மாணவன் தலையில் ஹேமர் விழுந்து, சில நாள் போராடி இறந்துபோனான். ஹேமரும் ஈட்டியும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. தொண்டராக உதவ வந்த பிள்ளை அவன்.

ஆகவே, மருமகளே, ஒவ்வொரு நாளும் எறிவதற்கு முன் கம்பியை விரலால் தடவிப் பார். முறுக்கு விழுந்திருந்தால், பிரி தெரிந்தால், தூக்கிப் போட்டுவிடு. கம்பி மலிவு. வலை கிழிந்த கூண்டில் எறியாதே, எந்த மீட்டாக இருந்தாலும், எந்த அதிகாரி சொன்னாலும். எறியும் பக்கம் ஒரு ஆள் நடந்துபோனால் நின்றுவிடு. உன் தூரத்தைப் பற்றி உன் அம்மா கவலைப்படட்டும் அல்லது விடட்டும், இந்த விஷயத்தில் அவள் பயப்படுவது முழுக்க நியாயம்.

அவளுடைய மற்றப் பயங்களையும் நான் தள்ளவில்லை. "உடம்பு பெருத்துப் போகும், நாளைக்கு யாரு கட்டுவா?" என்கிறாள். தங்கச்சி, உன் மகள் தோள் அகலமாகும், தொடை பலக்கும். அது நோய் இல்லை. நம் அம்மா தலையில் நெல்மூட்டை தூக்கிக் களத்திலிருந்து வீட்டுக்கு நடந்தவள். அவள் தோளை யாரும் குறை சொன்னதில்லை. உன் மகள் உடம்பை மதிக்கத் தெரியாத மாப்பிள்ளை நமக்கு வேண்டாம். வெளியூர் முகாம், விடுதி என்று போகும்போது துணைக்குப் பெண் மேலாளர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள். அது உன் உரிமை. மருமகளே, எந்த கோச்சாவது, எவ்வளவு பெரிய பெயர் என்றாலும், உனக்குச் சங்கடம் தரும்படி நடந்தால் அன்றே அம்மாவிடம் சொல். மறைத்து வாங்கும் பதக்கம் எதுவும் நம் வீட்டுக்குத் தேவையில்லை.

பிழைப்பு. அதுதான் உன் அம்மா கடைசியில் கேட்பது. படிப்பை விடாதே. டிகிரி முடி. எந்தப் பாடம் என்பதைவிட, கல்லூரியில் ஒழுங்கான கூண்டும் எறிதல் தெரிந்த கோச்சும் விடுதியில் வயிறாரச் சோறும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேர். கட்டண விலக்கு என்ற ஒரு சொல்லுக்காகச் சேர்ந்துவிடாதே. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல் துறையும் எறிபவர்களை எடுக்கிறார்கள். ஹேமரில் போட்டியாளர் குறைவு என்பது அங்கே உனக்கு ஆதாயம். ஓட்டத்தில் நூறு பேர் நிற்கும் இடத்தில் இங்கே பத்துப் பேர்தான். சோப்தியைத் தாங்கியதும் படைவேலைதான், சினிமா இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: விடாதே. இரண்டு வருஷம் கொடு, பிளஸ் டூவுக்குப் பிறகு. மார்ச் வரை வாரத்துக்கு மூன்று நாள் போதும், பரீட்சை முக்கியம். அதில் ஒரு நாள் மூன்று கிலோவே எடு. வேகம் மறந்துவிடக் கூடாது. ஒரு நாள் நாலு கிலோவில் இரண்டே சுற்று, கையை மடக்காமல். தூரத்தை அளக்காதே. இன்னொரு நாள் குண்டே வேண்டாம். துடைப்பக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வட்டத்தில் குதிகால், விரல், குதிகால், விரல் என்று ஐம்பது சுற்று. தலை சுற்றும். உட்கார்ந்து எழுந்து மறுபடி. முதுகில் சிறு வலி வந்தாலும் அன்றைக்கு நிறுத்து. வலியை மறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும், வீடியோவில் உன் இடது தோள் காட்டிக்கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறேன். அம்மாவிடம் நீ வாதாட வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன். டேப்பும் புதுக் கம்பி இரண்டும் எடுத்து வருகிறேன். இரவு மழை பெய்தால் வட்டம் வழுக்கும், துடைக்க இரண்டு சாக்கு எடுத்து வை. குண்டில் ஒட்டும் சேற்றைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரும். உன் தம்பியை வரச் சொல்லாதே, அவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான்.

அன்புடன்,
மாமா